காட்டு ஈஸ்ட்: பெல்ஜியத்தில் பெருமை, பனைமரத்தில் குற்றம், ஆரணிச் சட்டியில் காலைச் சாப்பாடு!

ஆரணியில் நெசவாளர் தெருக்கள் சீக்கிரம் விழித்துக்கொள்ளும். பட்டுப் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இழைகளுக்குக் கஞ்சி ஏற்றி, வெயில் உறைப்பதற்குள் காயவைத்துச் சுருட்டி எடுத்துவிட வேண்டும். அந்தக் கஞ்சி அரிசிக் கஞ்சி. அதே நேரத்தில் வீட்டுக்குள் ஒரு சட்டியில் முந்தின நாள் சோறு இரவெல்லாம் தண்ணீரில் ஊறி, லேசான புளிப்போடு காத்திருக்கும். பட்டுக்கும் அரிசிக்கும் பேர் போன ஊர் இது. 'ஆரணி அரிசி' என்று பலகை வைக்காத மளிகைக் கடையைச் சென்னையில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்தச் சட்டிக்குள் புளிப்பை உண்டாக்கியது யார்? நாம் எதையும் போடவில்லை. பாக்கெட் வாங்கிக் கொட்டவில்லை. சட்டியின் சுவரிலும், சோற்றிலும், தண்ணீரிலும், கையிலும் ஏற்கெனவே இருந்த நுண்ணுயிர்கள் வேலையை முடித்துவிட்டன. இப்படி 'அழைக்காமல் வந்த விருந்தாளி'களை வைத்து பீர் தயாரித்து, பாட்டில் ஒன்றை சில நூறு ரூபாய்க்கு விற்கிறார்கள் வெளிநாட்டில். 'காட்டு ஈஸ்ட் பேல் ஏல்' என்று அதற்குப் பெயர். பெங்களூருவிலும் கோவாவிலும் சின்னச் சின்ன அளவில் பீர் காய்ச்சும் 'கிராஃப்ட்' கடைகள் வந்த பிறகு, நம் இளைஞர்கள் வாயிலும் இந்தப் பெயர் அடிபடுகிறது.

இது குடிக்கச் சொல்லும் கட்டுரை இல்லை. பாட்டிலில் அச்சடித்திருக்கும் எச்சரிக்கை வரி உண்மையானது. ஆனால் அந்தக் கோப்பைக்குள் இருக்கும் கதை நம் ஊர்க் கதை என்பதால் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்.

வீட்டுப் பூனையும் காட்டுப் பூனையும்

பேல் ஏல் என்பது இங்கிலாந்தில் பிறந்த வெளிர் நிற பீர். முளைகட்டிய பார்லியை அதிகம் கருக்காமல் உலர்த்தி, வெந்நீரில் ஊறவைத்து, இனிப்பான சாறு எடுத்து, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்ப்பார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் வாயுவையும் வெளிவிடும். நுரை அந்த வாயுதான்.

1883-ல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் என்ற விஞ்ஞானி ஒரே ஒரு ஈஸ்ட் செல்லில் இருந்து சுத்தமான ஈஸ்ட்டை வளர்த்துக் காட்டினார். அதற்கு முன்புவரை பீப்பாயில் எது குடியிருந்ததோ அதுதான் பீரைப் புளிக்கவைத்தது. ஒருமுறை நன்றாக வரும், மறுமுறை கெட்டுப்போகும். ஹான்சனுக்குப் பிறகு உலகத்து பீர் ஆலைகள் பெரும்பாலும் வளர்ப்பு ஈஸ்ட்டுக்கு மாறின. எங்கே வாங்கினாலும் ஒரே ருசி. வீட்டுப் பூனை மாதிரி, சொன்னபடி கேட்கும்.

காட்டுப் பூனை வேறு ரகம். 1904-ல் அதே கார்ல்ஸ்பெர்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஹெல்டே கிளவுசன், இங்கிலாந்தில் மரப்பீப்பாயில் மாதக்கணக்கில் ஊறிய பீர்களுக்கு அந்தத் தனி மணத்தைத் தருவது இன்னொரு ஈஸ்ட் என்று கண்டுபிடித்து, அதற்கு 'பிரெட்டனோமைசிஸ்' என்று பெயர் வைத்தார். 'பிரிட்டன் பூஞ்சை' என்று பொருள். மரத்தின் துளைகளில் ஒளிந்துகொள்ளும், மெதுவாக வேலை செய்யும், வளர்ப்பு ஈஸ்ட் தொடாத சர்க்கரையையும் விட்டுவைக்காது. ஒயின்காரர்களுக்கு இது பெரும்பாலும் எதிரி. பெல்ஜியத்துக்காரர்களுக்குச் சொத்து.

பெல்ஜியத்தில் ஓர்வால் என்று ஒரு கிறிஸ்தவத் துறவி மடம் இருக்கிறது. மடத்தைத் திரும்பக் கட்டப் பணம் வேண்டி 1931-ல் அங்கே ஒரு பீர் ஆலை தொடங்கினார்கள். அவர்கள் காய்ச்சும் பேல் ஏலில், பாட்டிலில் அடைக்கும்போது இந்தக் காட்டு ஈஸ்ட்டைச் சேர்க்கிறார்கள். மூடிய பிறகும் பாட்டிலுக்குள் அது சாப்பிட்டுக்கொண்டே இருக்கும். வாயு ஏறும், அழுத்தம் கூடும். அதனால் பாட்டில் கனமான கண்ணாடி.

ஓர்வாலைச் சுவைப்பவர்கள் இரண்டு பாட்டிலை வைத்துக்கொள்வார்கள், ஒன்று புதுசு, ஒன்று ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆனது. புதுசில் ஹாப்ஸ் கசப்பும் ஆரஞ்சுத் தோல் வாசனையும் முன்னால் நிற்கும். நாளாக ஆகக் கசப்பு பின்வாங்கி, இனிப்பு வற்றி, வேறொரு மணம் எழும். ஆங்கிலேயர்கள் அதைக் குதிரை லாயம், குதிரைப் போர்வை என்று வர்ணிக்கிறார்கள். நம் மூக்குக்குச் சொல்வதென்றால் மாட்டுத் தொழுவத்து வைக்கோல், தோல் செருப்புக் கடை, கூடவே எங்கிருந்தோ ஓர் அன்னாசித் தோல். இதற்கா இவ்வளவு விலை என்று கேட்கத் தோன்றும். கருவாட்டு வாசனைக்கு நாக்கில் நீர் ஊறும் நாம் அப்படிக் கேட்கக் கூடாது!

கப்பலில் வந்த பீர்

பேல் ஏலுக்கும் இந்தியாவுக்கும் பழைய சொந்தம். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கு லண்டனின் போ பகுதியில் ஆலை வைத்திருந்த ஹாட்ஜ்சன் குடும்பம், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் பீர் ஏற்றி அனுப்பியது. 1820-களில் பர்ட்டன் நகரத்து ஆலைகள் போட்டிக்கு வந்தன. மரப்பீப்பாய்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்டி, மாதக்கணக்கில் குலுங்கிக் கல்கத்தாவுக்கும் மதராஸுக்கும் வந்து சேரும். கெட்டுப்போயிருக்க வேண்டிய பீர், தெளிந்து நுரைத்து நன்றாக இறங்கியது. காரணங்களில் ஒன்று அந்தப் பீப்பாய்களில் குடியிருந்த காட்டு ஈஸ்ட் என்பது பீர் வரலாற்றாளர்கள் கருத்து. இந்தியா போன பீர் என்பதால் 'இந்தியா பேல் ஏல்' என்று பின்னாளில் பெயரும் ஒட்டிக்கொண்டது.

அந்தக் கம்பெனிப் படைக்கும் ஆரணிக்கும் உள்ள தொடர்பு பள்ளிப் பாடத்திலேயே உண்டு. 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவ் ஆரணியில் சண்டை போட்டார். 1782 ஜூனில் ஹைதர் அலியின் படையும் அயர் கூட்டின் படையும் இங்கேதான் மோதின.

காஞ்சி அரசனின் நாட்டில் அரிசி பீர்

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பீர் என்றாலே வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்றுதானே நினைக்கிறோம்?

பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையைப் பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பாட்டுடைத் தலைவன் காஞ்சியில் இருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். அவனிடம் பரிசு வாங்கப் போகும் பாணனுக்கு வழிநெடுக யார் யார் என்ன சாப்பாடு போடுவார்கள் என்று புலவர் சொல்லிக்கொண்டே போவார். தமிழின் முதல் 'ஃபுட் டூர்' என்றே சொல்லலாம். வலைஞர் குடியிருப்புக்கு வரும்போது அங்கே ஒரு பானம் கிடைக்கும் என்கிறார். எப்படிச் செய்வது என்றும் விவரிக்கிறார்.

குற்றாத அரிசியைக் களியாகக் குழைய வேகவைக்க வேண்டும். அகன்ற வாயுள்ள தட்டில் கொட்டி ஆறவிட வேண்டும். புற்றுக்குள் கரையான் கட்டும் குரும்பி போலத் தோற்றமுள்ள ஓர் அடையைப் பொடித்து அதில் கலக்க வேண்டும். இரண்டு பகல், இரண்டு இரவு சாடியில் விளையவிட்டு, பிறகு விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்க வேண்டும். தொட்டுக்கொள்ளச் சுட்ட மீன்.

பீர் காய்ச்சத் தெரிந்த யாரிடமாவது இதைப் படித்துக் காட்டுங்கள், நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த அடையை முளைத்த நெல்லைக் கொண்டு செய்த அடை என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். முளைத்த தானியத்தில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதி இருக்கும். பார்லியை முளைகட்டுவதும் அதற்காகத்தான். குரும்பி போல் துளைத்துளையாகப் பூத்திருந்தது என்ற உவமையைப் பார்த்தால், அந்த அடையின் மேல் பூஞ்சையும் ஈஸ்ட்டும் படர்ந்திருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. வடகிழக்கு மாநிலங்களிலும் இமயமலைக் கிராமங்களிலும் இன்றும் அரிசி பீருக்கு இப்படி ஒரு காய்ந்த மாவு அடையைத்தான் நொறுக்கிப் போடுகிறார்கள்.

அந்த அகன்ற வாய்த் தட்டு இன்னும் சுவாரஸ்யம். பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் 1900-ல் தொடங்கி இன்றும் நடக்கும் காண்டியோன் என்ற ஆலையில், லாம்பிக் என்ற பீருக்கான கொதித்த சாற்றைக் கூரைக்கடியில் ஆழமில்லாத ஒரு பெரிய செம்புத் தொட்டியில் ஊற்றி இரவு முழுக்கத் திறந்துவைப்பார்கள். ஆறும்போதே காற்றிலும் கூரையிலும் உள்ள ஈஸ்ட் அதில் இறங்கும். பிறகு மரப்பீப்பாய்க்குப் போய் வருடக்கணக்கில் ஊறும். குளிர் மாதங்களில் மட்டும்தான் காய்ச்சுவார்கள், வெயில் காலத்தில் வேண்டாத கிருமிகள் அதிகம் என்பதால். லாம்பிக் ஆலைக்காரர்கள் சிலந்திவலையைக்கூட ஒட்டடை அடிக்கத் தயங்குவார்கள். அந்தத் தொட்டியைப் பார்க்க உலகம் முழுவதிலும் இருந்து ஆட்கள் டிக்கெட் வாங்கி வருகிறார்கள். தொண்டை நாட்டு வலைஞர் வீட்டுத் தட்டு வேலை செய்த விதமும் அதேதான், அகலமாக, ஆழமில்லாமல், திறந்தபடி.

சங்க இலக்கியம் அந்தத் தட்டைப் 'பிழா' என்கிறது. யாழ்ப்பாணத்தில் பனையோலையில் மடித்த கள் குடிக்கும் குடுவைக்குப் 'பிளா' என்று பெயர். காதுக்கு இரண்டும் சொந்தக்காரர்களாகத்தான் ஒலிக்கின்றன.

நாள்பட்ட மதுவுக்கும் நம்மிடம் சொல் இருந்தது. மூங்கில் குழாயில் முதிரவைத்த தேறலைத் திருமுருகாற்றுப்படை பேசுகிறது. முதிர்ந்த தேறலின் கடுப்பைத் தேள் கொட்டுவதற்கு ஒப்பிடும் பாட்டு புறநானூற்றில் உண்டு. 'குதிரைப் போர்வை'யைவிட நல்ல வர்ணனை!

காஞ்சிபுரத்தில் இருந்து ஆரணி சுமார் 60 கிலோமீட்டர். அரிசி ஆலைகள் வரிசையாக நிற்கும் அதே தொண்டை நாட்டு மண். இன்று அந்தக் குறிப்புப்படி ஒருவர் வீட்டில் சாடி வைத்தால் மதுவிலக்குச் சட்டத்தில் வழக்கு.

ஏறினால் கள், சுண்ணாம்பு தடவினால் பதநீர்

அரிசி பீர் மறந்துபோனது. காட்டு ஈஸ்ட்டின் இன்னொரு வீடான பனைமரம் கண் முன்னாலேயே நிற்கிறது.

பாளையைச் சீவிப் பானையைக் கட்டினால் சொட்டுவது வெறும் இனிப்பு நீர். பானையின் உட்புறத்தில், பாளையில், தேடிவரும் பூச்சிகளின் காலில் இருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் முதல் சொட்டிலேயே வேலையைத் தொடங்கிவிடும். விடியலில் இறக்கினால் இனிப்பும் லேசான சுறுசுறுப்பும். மதியத்தில் கடுக்கும். மாலைக்குள் புளிப்பு மேலேறும். இன்னும் விட்டால் காடி. ஆல்கஹால் பெரும்பாலும் நான்கைந்து சதவீதத்தைச் சுற்றித்தான் நிற்கும், சாதாரண பீர் அளவு. ஒரே நாளில் ஒரே பானத்தின் இத்தனை பருவங்களைப் பார்க்க முடிவது கள்ளில்தான். ஓர்வால் பாட்டில் ஒரு வருடத்தில் நடப்பதைப் பனம்பானை பன்னிரண்டு மணி நேரத்தில் நடத்திக் காட்டிவிடும்.

பானைக்குள் சுண்ணாம்பு தடவிவிட்டால் இந்த நாடகமே கிடையாது. காரத்தன்மையில் நுண்ணுயிர்கள் அடங்கிவிடும், பதநீர் கிடைக்கும். ஆக, ஒரே மரம், ஒரே ஆள், ஒரே பாளை. நடுவில் ஒரு பூச்சு சுண்ணாம்பு. அதற்கு அந்தப் பக்கம் மாநில மரத்தின் பெருமைமிகு உணவு. இந்தப் பக்கம் கைது, வழக்கு, பானை உடைப்பு.

மதுவிலக்கு இங்கே வந்த கதை நீளமானது. 1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கினார். 1971-ல் கலைஞர் ஆட்சியில் தளர்ந்தது, 1974-க்குள் திரும்ப வந்தது, 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி கடைகள் திறந்தன. 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. அதன் பிறகு அவை திறக்கவில்லை. அதே காலத்தில், 1983-ல் தொடங்கிய டாஸ்மாக், 2003 முதல் சில்லறைக் கடைகளையும் நடத்தத் தொடங்கியது. ஆலை பீர் அங்கே வரிசையாக அடுக்கியிருக்கிறது. பக்கத்தில் ஆந்திராவில், கேரளாவில், புதுச்சேரியில் கள் சட்டப்படி கிடைக்கிறது. ஈழத்தில் 'தவறணை' என்பது கள்ளுக்கடைக்கு அன்றாடப் பெயர்.

தடைக்குக் காரணமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கள்ளில் போதை மாத்திரையும் குளோரல் ஹைட்ரேட்டும் கலந்து விற்ற வழக்குகள் அண்டை மாநிலங்களில் வந்தபடி இருந்தன. நான்கே மணி நேரத்தில் குணம் மாறும் ஒரு பானத்தைப் பரிசோதிப்பது எந்த அரசுக்கும் தலைவலிதான். குடியால் நொடித்த குடும்பங்களின் பெண்களிடம் 'இது இயற்கை பானம்' என்று பேசிப் பாருங்கள், பதில் சூடாக வரும். அந்தச் சூடு நியாயமானது.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மக்களைக் கொன்றது மெத்தனால். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அது தொழிற்சாலை ரசாயனம், எந்தக் காட்டு ஈஸ்ட்டும் பனம்பானையில் அந்த அளவுக்கு அதை உண்டாக்காது. கள் நல்லசாமி தலைமையிலான இயக்கம் 'கள் போதைப்பொருள் இல்லை, உணவு' என்று ஆண்டுக்கணக்கில் வாதாடி வருகிறது. உணவு என்ற சொல்லை நான் அப்படியே ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆல்கஹால் ஆல்கஹால்தான். ஆனால் எட்டு சதவீத 'ஸ்ட்ராங்' பீரை அரசே விற்றுக்கொண்டு, நாலு சதவீதத்துக்காக மரமேறியைப் பிடிப்பதற்கு உடல்நலத்தைக் காரணமாகச் சொன்னால் அது எடுபடவில்லை.

இழப்பு வேறு இடத்தில் நடக்கிறது. பாளை சீவுவது புத்தகத்தில் கற்கிற வித்தை இல்லை. தினம் இரண்டு வேளை ஏற வேண்டும், ஒரு தடவை தப்பினால் உயிர். பதநீர் சீசன் சில மாதம்தான். மகன் ஏறாவிட்டால் அந்த வீட்டில் வித்தை முடிந்தது. மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்தது நல்ல காரியம். ஏறத் தெரிந்தவர்களைக் காப்பாற்ற அப்படி ஓர் அறிவிப்பு போதாது.

சட்டம் தொடாத சுவை

சரி, சட்டத்தை மீறாமல், போதை இல்லாமல், குழந்தைகளோடு உட்கார்ந்து காட்டு நொதிப்பைச் சுவைக்க வழி உண்டா? ஆரணியில் தினமும் அதைத்தான் செய்கிறார்கள்.

முதலில் ஒரு திருத்தம். இட்லி மாவு பொங்குவது ஈஸ்ட்டால் என்று பலரும் நினைக்கிறோம். 1965-ல் அமெரிக்க, இந்திய ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, மாவைப் பொங்கவைப்பதில் முதன்மையானது லூக்கோநாஸ்டாக் என்ற பாக்டீரியா என்று காட்டியது. உளுந்திலும் அரிசியிலும் ஒட்டிக்கொண்டு வருவது அது. கேரளத்து ஆப்பத்தில்தான் கள் ஊற்றி உண்மையான காட்டு ஈஸ்ட்டைச் சேர்த்தார்கள். இப்போது பெரும்பாலும் பாக்கெட் ஈஸ்ட்.

பழைய சோற்றிலும் பெரும்பங்கு லாக்டிக் அமில பாக்டீரியாவுடையது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை மருத்துவர்கள் குடல் அழற்சி நோயாளிகளுக்கு இதன் பயனை ஆராய எடுத்துக்கொண்டது செய்திகளில் வந்தது. வாட்ஸ்அப்பில் சுற்றும் 'இத்தனை மடங்கு இரும்புச்சத்து' கணக்குகளை நம்பி மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். தறிக்குழியில் காலை இறக்கி நாள் முழுக்க உட்காரும் ஒருவருக்கு வயிறு கனக்காத, உடல் சூடேறாத சாப்பாடு என்ற ஒரு காரணமே போதும்.

ஓர்வாலைச் சுவைப்பது போலவே இதையும் சுவைத்துப் பாருங்கள். புழுங்கல் அரிசிச் சோற்றை வடித்து, சூடு ஆறியதும் முழுகத் தண்ணீர் ஊற்றுங்கள். வெந்த சோற்றைத் தண்ணீர் ஊற்றாமல் மணிக்கணக்கில் வெளியே வைப்பது ஆபத்து, வேண்டாத கிருமி அப்போது வளரும். மண்சட்டியில் ஒரு பங்கு, எவர்சில்வர் பாத்திரத்தில் ஒரு பங்கு. எட்டு மணி நேரத்தில் ஒரு கரண்டி நீராகாரம், பன்னிரண்டில் ஒரு கரண்டி, பதினாறில் ஒரு கரண்டி. உப்பு போடுவதற்கு முன் ருசித்துவிடுங்கள். முதலில் சாதத்தின் இனிப்பு, அடுத்து மோர் வாடை, பிறகு நாக்கின் ஓரங்களைப் பிடிக்கும் புளிப்பு. சட்டி அடிக்கடி பழைய சோறு கண்டதென்றால் எவர்சில்வரை முந்திக்கொள்ளும், மரப்பீப்பாய் மாதிரி அதுவும் துளைகளில் குடியிருப்பவர்களை வைத்திருக்கும். நூல் விட்டாலோ, அழுகல் வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள். சித்திரை வெயிலில் எட்டு மணி நேரம் தாராளம். மார்கழியில் பன்னிரண்டும் பத்தாமல் போகலாம். சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் கடைசிக் கரண்டிக்கு அப்புறம் வரட்டும்.